பூ கேட்காமல் போன வேலை

என் கொழுந்தியா முதன்முதலாக என் பாட்காஸ்டில் பேச வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. சங்ககிரியில் லோடு கிடைக்காமல் நின்றிருந்த ஒரு லாரியின் கேபினில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கம்பளியைச் சுற்றித் தொங்கவிட்டு, கைப்பேசியை அவள் முன்னால் நீட்டினேன். "வணக்கமுங்க" என்று ஒரு சொல்தான் சொன்னாள். ஒலி அளவு காட்டுகிற கோடு சிவப்புக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. பள்ளிபாளையத்தில் பதினாறு வருஷம் விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது. கைப்பேசியைத் தள்ளித் தள்ளி வைத்து, கடைசியில் இருக்கைக்குப் பின்னால் ஓட்டுநர் படுக்கிற பலகையில் கொண்டுபோய் வைத்தேன். "நான் மெதுவாத்தானுங் மாமா பேசறேன். உங்க போனுக்குத்தான் தைரியம் பத்தல" என்றாள்.

வேலை மாறியவர்களும் மாற நினைக்கிறவர்களும் என்னோடு பேசுவதுதான் அந்தப் பாட்காஸ்ட். நடத்துகிறவன் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்; பள்ளிக்கூடம் அதற்காக வருத்தப்பட்டதாகத் தகவல் இல்லை. லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டுநராகி, இப்போது ஒரு புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து லாரிகளுக்கு லோடு பிடித்துத் தருகிறேன். இதைக்கூட நான் பேசத்தான் செய்கிறேன், படிக்கிற தமிழாக மாற்றித் தருவது என் மகள். அப்படிப்பட்ட நான் ஒவ்வொரு பாட்காஸ்ட் முடிவிலும், "புடிக்காத வேலைய இன்னைக்கே உட்டுட்டு வெளிய வாங்க" என்று முழங்குவேன். கேட்டால் நானே எதையோ துணிந்து தூக்கி எறிந்தவன் மாதிரி இருக்கும். உண்மையில் ஓட்டுநர் வேலையை நான் விடவில்லை. என் இடுப்புதான் என்னை விட்டது.

இதை நடத்தியதில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று அவ்வப்போது யாராவது கேட்கிறார்கள். சங்ககிரியில் ஹாரன் சத்தத்தைத் தடுக்கிற கம்பளி இன்னும் நெய்யப்படவில்லை என்று கற்றுக்கொண்டேன். வருகிறவர்கள் முதல் கால்மணி நேரம், சொந்தக்காரர்களிடம் சொல்கிற காரணத்தைத்தான் என்னிடமும் சொல்வார்கள், தொண்டை உலர்ந்த பிறகுதான் நிஜம் வரும் என்றும் கற்றுக்கொண்டேன். மிச்சத்தை எல்லாம் கொழுந்தியாதான் கற்றுக்கொடுத்தாள். கோயில் வாசலில், சொந்தபந்தம் பார்க்க, என் மானத்தை வாங்கிக்கொண்டு.

அன்றைக்குக் கேபினில் அவள் சொன்னது ஒரே விஷயம்: தறியை விட்டுவிட்டு வண்டி ஓட்ட வேண்டும். தறிப்பட்டறைக்கு நூல் மூட்டை ஏற்றி வரும் சின்ன வண்டியில் ஓட்டப் பழகி, லைசென்சும் எடுத்துவிட்டாள். "தறியில நின்னா அதே எடத்துலதானுங் மாமா பதினாறு வருசமா நடக்கறேன். அத்தன நடைக்கு எங்கியாச்சும் போய்ச் சேர்ந்திருக்கோணுமில்ல?" என்றாள். அதைக் கேட்டுவிட்டு, மோகனூர்ப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிற ஒருவர் என்னைக் கூப்பிட்டார். முட்டை வண்டிக்கு ஆள் வேண்டும், அந்தம்மா திங்கட்கிழமை காலையில் வந்தால் வேலை அவருக்கு, வராவிட்டால் வேறு ஆளுக்கு என்றார். முட்டை வண்டி ஓட்டுவது சாதாரணம் இல்லை. பிரேக்கில் கால் வைப்பதைத் தூங்குகிற குழந்தையின் மேல் போர்வை போடுவது மாதிரி வைக்க வேண்டும்.

அவள் புருஷன், என் சகலை, அவனும் தறிக்காரன்தான். அதிகம் பேச மாட்டான். அவனுக்கும் சேர்த்து அவன் அம்மா பேசினார். "பொம்பளை வண்டியில சுத்துனா ஊட்டுல சோறு ஆரு ஆக்கறது?" என்றார். "தறிக்குப் போறப்ப ஆருங்கத்தை ஆக்குனாங்க? நாந்தானுங் ஆக்கி வெச்சுட்டுப் போனேன்" என்றாள் இவள். மூன்று நாள் இழுத்தது. கடைசியில் சகலை வாயைத் திறந்தான்: "குலசாமிகிட்டப் பூ கேட்டறலாம். சாமி உத்தரவு குடுத்தா நான் குறுக்க நிக்கல."

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் பூ கேட்பது வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. ஒரே மாதிரி மடித்துக் கட்டி, சாமி காலடியில் வைத்து வேண்டிக்கொண்டு, பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை, அப்படியே தண்ணீரில் போட்டுவிடுவார்கள். பொட்டலம் கட்டுவது சம்பந்தப்படாத ஆளாக இருக்க வேண்டும். "நான் கட்டியாறேன்" என்று முந்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் புக்கிங் ஆபீஸ் மேசையில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் இருந்தன. இரண்டையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வந்தவர் போனவரை எல்லாம் "உடுங்க, உடுங்க" என்று கிளப்பிவிட்ட எனக்கு, என் சொந்தக் கொழுந்தியா விஷயத்தில் அந்தத் தைரியம் வரவில்லை. சாமிக்கு ஆயிரம் சோலி, கவனப்பிசகாகச் சிவப்பைக் காட்டிவிட்டால் என்ன செய்வது? அரளியை ஜன்னல் வழியாகப் போட்டேன். இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன். சாமிக்கே ஒத்தாசை செய்தவன் இந்தத் தாலுகாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கோயிலில் பூசாரி கண்ணை மூடி வேண்டி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. சகலையின் அம்மா முகமே மாறிவிட்டது. தானே திருநீறு எடுத்து மருமகள் நெற்றியில் பூசினார். "சாமியே சொல்லிப்போடுச்சு. போ சாமி, சூதானமா ஓட்டு" என்றார். நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் கொழுந்தியா சொன்னாள்: "பூசாரி, அந்த இன்னொண்ணையும் பிரியுங்க."

"அது வழக்கமில்லையே அம்மணி."

"பிரியுங்க. எங்க மாமன் காலைல இருந்து ஒரு கேலி பேசல. அவரு வாய மூடிட்டு இருக்கறாருன்னா எங்கியோ திருட்டுத்தனம் இருக்குது."

பூசாரி பிரித்தார். அதிலும் வெள்ளை. சகலை என் சட்டையைப் பிடித்தான். பூசாரி என்னைப் பார்த்த பார்வையில் தீபாராதனைத் தட்டு தானாகப் பற்றிக்கொள்ளும் போல இருந்தது. "உனக்கு நல்லதுதான புள்ள பண்ணுனேன்" என்று முனகினேன்.

"நல்லதாங்க மாமா? நாளைக்கு வண்டியில ஒரு கீறல் உழுந்தாலும், சாமி உத்தரவில்லாத வேலை, மாமன் ஏமாத்தி அனுப்புன வேலைன்னு பேச்சு வருமே, அத ஆரு சுமப்பா? ஆறுமாசங் கழிச்சுத் தெரிஞ்சிருந்தா நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு ஓட்டறது?"

சகலையின் அம்மா ஆவேசம் இறங்காமலே, "செவப்பு அரளி பறிச்சுட்டு வாங்க. மறுக்காக் கட்டிக் கேளுங்க" என்றார்.

"கேக்க வேண்டாமுங்கத்தை." அந்தத் தறிக்குரல் கோயில் முழுக்க நின்றது. தலைமுடியை ஒதுக்கி நெற்றியைக் காட்டினாள். திருநீற்றுக்கு மேலே ஒரு விரல் நீளத் தழும்பு. தறியில் நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடாக்கட்டை பறந்து வந்து அடித்தது, ஏழு தையல். "பாஞ்சு வயசுல என்னையத் தறிக்கு அனுப்புனாங்களே, அன்னைக்கு ஆராச்சும் பூ கேட்டாங்களா? இது கிழிஞ்சு ரத்தத்தோட வந்து, மறாநா ஒரு துணியச் சுத்திட்டு மறுக்காப் போனேனே, அப்பக் கேட்டீங்களா? என்னைய உள்ள தள்ளறதுக்கு ஒரு சாமிகிட்டயும் கேக்கல. வெளிய போறதுக்கு மட்டும் என்னத்துக்குங்க உத்தரவு? சாமிகிட்டச் சொல்லிட்டுப் போறேன். திங்கக்கெழமை போறேன்."

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, விழுந்து கும்பிட்டு, எழுந்து நடந்தாள். திங்கட்கிழமை விடிந்ததும் மோகனூர்ப் பேருந்தில் இருந்தாள். எனக்குப் பூசாரி விதித்த தண்டனை, மூன்று வெள்ளிக்கிழமை கோயில் வாசல் கூட்டுவது. கூட்டினேன். சாமி விஷயத்தில் நான் செய்தது தப்புதான், அதற்குச் சால்ஜாப்பு இல்லை. அவள் செய்தது தப்பு என்று சொல்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை.

அடுத்த ஞாயிறு அவளே கேபினுக்கு வந்து, "நடந்தத உங்க வாயாலயே சொல்லுங்க" என்று உட்கார்ந்துகொண்டாள். சொன்னேன். அந்தப் பாட்காஸ்டைக் கேட்டவர்கள் என்னை வைத வசவுகளில் சில, இருபது வருஷம் லாரி ஓட்டிய நானே கேள்விப்படாதவை. குடும்பத்தைக் கெடுக்கிறாய் என்றார்கள், சாமி குத்தம் என்றார்கள், அழித்துவிடு என்றார்கள். அழிக்கவில்லை. அழிக்கவும் மாட்டேன். அழித்தது ஒன்றே ஒன்று, "இன்னைக்கே உட்டுட்டு வெளிய வாங்க" என்கிற என் முழக்கம். யார் எதை விட வேண்டும் என்று சொல்ல நான் யார்? இப்போதெல்லாம் வருகிறவர்களிடம், "மொதல் வேலைக்கு உங்களை அனுப்புனப்ப, உங்களை ஆராச்சும் கேட்டாங்களா?" என்றுதான் ஆரம்பிக்கிறேன். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் போனவரும், கோழிப்பண்ணையில் இருந்தவரும், கம்ப்யூட்டர் படித்தவரும் அந்த இடத்தில் ஒரே மாதிரிதான் விரல்விட்டுத் தங்கள் அன்றைய வயதை எண்ணுகிறார்கள்.

அவள் இன்றைக்கும் முட்டை வண்டி ஓட்டுகிறாள். ஓட்டுநருக்குக் கொடுக்கிற கீறல் முட்டைகளைத் தினமும் பொரித்துத் தின்று சலித்துவிட்டதாக அவள் மாமியார் ஊரெல்லாம் புகார் சொல்கிறார். தட்டில் மிச்சம் வைப்பதாகத் தெரியவில்லை. சகலைதான் அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று கேபின் கதவைத் திறந்துகொண்டு ஏறினான். அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று நான் மறுபக்கக் கதவில் கை வைத்துக்கொண்டேன்.

"அதை அழிச்சுப்போடுங்க. பட்டறையில எல்லாம் போட்டுக் கேக்கறாங்க."

"அழிக்க மாட்டேன் சகலை."

உட்கார்ந்திருந்தான். என்னை முறைத்தான். தறி எண்ணெய் ஏறிய தன் விரல்களைப் பார்த்தான்.

"பூவுல ஏமாத்துனதுக்கு உங்கள மன்னிக்கல."

"வேண்டாம்."

விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டான். பிறகு, "எல்லாத்துகிட்டயும் மொதல்ல ஒண்ணு கேக்கறீங்களே," என்றான், "அத எங்கிட்டக் கேளுங்க."

கைப்பேசியில் பொத்தானை அழுத்தினேன். கேள்வியைக் கேட்டுவிட்டு, வாழ்நாளில் முதல்முறையாக, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

"எனக்கு அப்பப் பதிமூணு வயசுங்க" என்று ஆரம்பித்தான்.