டப்பாப் பாலில் வழியனுப்பப்பட்ட எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அலுவல்களை ஒதுக்கிவிட்டு வந்து, அக்காவின் படத்துக்கு முன் கைகூப்பி நின்ற உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம். நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லி அனுப்பினார்கள். அக்காவைப் பற்றி எழுத நல்லதைத் தவிர என்னிடம் வேறொன்றும் இல்லை. மற்றவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை, மன்னிக்க வேண்டும்.

அக்கா காரைக்காலில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார்கள். சைகோனில் மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்துவந்த அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டு, கப்பலேறி இங்கே வந்தார்கள். குமாஸ்தாவான என் வீட்டுக்காரரோடு நான் வந்து சேர்ந்தது பிறகுதான். சைகோனை அடுத்த பூ நுவான் பக்கம், வாய்க்காலை ஒட்டிய சதுப்பு நிலத்தில் அத்தானின் கொட்டகை இருந்தது. பிள்ளை குட்டி என்று ஒன்று பிறப்பதற்கு முன்பே அத்தானைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியவை இரண்டு கறவை மாடுகள்.

கருமாதி முடிந்த கையோடு அக்காவின் கொழுந்தனார் வந்தார். "ஒத்தப் பொம்பள இந்த ஊர்ல மாட்ட வச்சுக்கிட்டு என்னா செய்யப் போறீங்க அண்ணி? வித்துட்டு ஊருக்குக் கப்பலேறுங்க" என்றார். அக்கா சாணிக் கூடையைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்கள்: "மாடு கறக்குது, நான் விக்கிறேன். இதுல உங்களுக்கு எங்க வலிக்குது தம்பி?"

அப்படித்தான் ஆரம்பித்தது. பக்கத்து ஊரான சோலோனின் அரிசி ஆலைகளிலிருந்து தவிடு வாங்கி வருவார்கள். இந்த ஊர்ப் பெண்களைப் போலவே தோளில் கழி போட்டு, இருபக்கமும் பால் குடம் தொங்கவிட்டு நடப்பார்கள். "போன்ழூர் மதாம்" என்று பிரெஞ்சுத் துரைமார் வீட்டுப் பின்கட்டில் குரல் கொடுப்பார்கள். நம்மவர்கள் தெருவில் குரலே தேவையில்லை, குடம் ஆடும் சத்தத்துக்கே செம்பு வெளியே வரும். இந்த ஊர் அன்னாமியப் பொம்பளையைப் போலக் கழி தூக்குகிறாளே, மானம் போகிறதே என்று பேசிய வீடுகளிலும் அந்தப் பாலில்தான் காப்பி போட்டார்கள். மழைக்காலத்தில் கொட்டகைக்குள் தண்ணீர் ஏறி மாடுகளுக்குக் குளம்பு அழுகும். முழங்கால் சேற்றில் நின்று அக்கா மருந்து கட்டுவார்கள். அப்போது ஏன் என்று கேட்க மானம் பார்த்தவர் யாரும் வரவில்லை.

வந்தவர் சின் ஒருவர்தான். இந்த ஊரில் பிள்ளைகளைப் பிறந்த வரிசையை வைத்துக் கூப்பிடுவது வழக்கம், சின் என்பதும் அப்படி ஒரு வரிசைப் பெயர். சதுப்பில் புல்லறுத்து விற்பவராக வந்து, மாடுகளோடு ஒட்டிக்கொண்டு, கொட்டகையிலேயே தங்கிவிட்டார். பெற்றவர்கள் அவரைப் பெண் பிள்ளை என்று வளர்த்திருக்கிறார்கள். கல்யாணம் பேச ஆள் வந்த அன்று தலைமுடியை வெட்டிப் போட்டுவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பியவர். அதற்காகத் தன்னை ஆண் என்றும் அவர் சொல்லிக்கொண்டதில்லை. கேட்டால், "நான் சின்" என்பார், அவ்வளவுதான்.

நம்மவர்களுக்கு அது போதவில்லை. "அது ஆம்பளையா பொம்பளையா?" என்று அக்காவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். "மடியில கை வைக்க உடற மாடே கேக்கல. செம்ப நீட்டுற உனக்கு எதுக்குடி அந்த விசாரண?" என்றார்கள் அக்கா. சின்னுக்கு ஆச்சரியம் வேறு விஷயத்தில். அவர்கள் ஜனங்கள் மாட்டுப் பால் குடித்துப் பழகியவர்கள் அல்லர். "கன்னுக்குட்டி சாப்பாட்ட நீங்க ஏன் குடிக்கிறீங்க?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டுக்கொண்டே கறக்கக் கற்றார். சில வருஷங்களில் எங்களைப் போலவே தமிழ் பேசினார். இருவரும் சேர்ந்து இரண்டு மாட்டை ஒரு கொட்டகை நிறைய ஆக்கினார்கள்.

கடைசிக் காலத்தில் அக்காவுக்கு விரல்கள் முடங்கிவிட்டன. காம்பைப் பிடிக்க முடியாது. அதன்பிறகு கறந்தது முழுக்கச் சின்தான். இது யாருக்கும் தெரியாத சங்கதியல்ல. உங்கள் வாசலுக்குப் பால் கொண்டுவந்ததும் அவர்தானே!

போன வருஷ மாட்டுப் பொங்கலன்று அக்கா உங்கள் எல்லோரையும் கொட்டகைக்கு அழைத்தார்கள். நடக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, மாடுகளின் கயிறுகளை ஒவ்வொன்றாகச் சின் கையில் கொடுத்தார்கள். ஒவ்வொரு கயிற்றோடும் ஒரு பிடி வைக்கோல். எங்கள் பக்கத்தில் கயிற்றோடு வைக்கோலும் சேர்த்துக் கொடுத்தால் மாடு கைமாறிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் பத்திரம் கித்திரம் கேட்பதில்லை. கொழுந்தனாரும் அங்கே நின்று, சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அதற்கடுத்த மழைக்கு முன்பே அக்கா கண்ணை மூடிவிட்டார்கள். தகனத்துக்கு மறுநாள் பால் தெளிப்பு. விடிந்ததும் சின் குளித்து, ஈரத் துணியோடு, புதுச் செம்பில் பால் கறந்து எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். கொள்ளி வைத்த கொழுந்தனார் வாசல்படியிலேயே மறித்தார்.

"இது ஆவாது. அன்னியக் கை பட்ட பாலு. அதுவும் ஆணும் இல்ல பொண்ணும் இல்ல. சாங்கியத்துக்கு ஆவுமா?"

நான் உள்ளேயிருந்து ஓடிவந்தேன். "நேத்து வரைக்கும் நீங்க குடிச்ச காப்பி யாரு கறந்த பாலு?" என்று கேட்டேன். "பொம்பளைங்க உள்ள போங்க" என்றார்கள். பெரிய மனிதர்கள் என்று ஊர் மதிக்கும் எத்தனை பேர் அங்கே நின்றீர்கள்! ஒருவராவது வாயைத் திறந்தீர்களா? தரையைப் பார்த்தீர்கள், மேல்துண்டைச் சரிசெய்தீர்கள். முனையிலிருந்த சீனன் கடைக்கு ஆள் ஓடியது. சீமையிலிருந்து வந்த டப்பாப் பால் ஒன்றை வாங்கி வந்து, ஆணியால் ஓட்டை போட்டு, வெந்நீரில் கரைத்துச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனீர்கள்.

கேட்கிறேன், அந்த டப்பாப் பாலைக் கறந்த கை எந்தக் கை? குளித்த கையா, குளிக்காத கையா? கறந்தவர் ஆணா, பெண்ணா? விசாரித்தீர்களா? ஆயுள் முழுவதும் பால் கறந்து விற்ற ஒருத்தியின் எலும்புக்கு அவள் கொட்டகைப் பால் ஒரு சொட்டு இல்லை.

சின் சண்டை போடவில்லை. செம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி என்னிடம், "அக்கா டப்பாப் பால் தொட மாட்டாங்களே தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். இருவரும் வாசலில் நின்று அழுதோம்.

அத்தோடு விட்டார்களா? பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கொழுந்தனார் கசாப்புக் குத்தகைக்காரர் ஒருவரைக் கொட்டகைக்கு அழைத்து வந்தார். அண்ணன் சொத்து தம்பிக்குத்தானாம். சின் கைபட்டால் பால் தீட்டு, ஆனால் அதே மாட்டை வெட்டுக்கு ஓட்டலாம்! அக்கா கயிறு கொடுத்ததைப் பார்த்தவர்களிடம் போய் மன்றாடினேன். ஒருவர், "நான் அப்ப வெளிய நின்னேம்மா" என்றார். இன்னொருவர், "ஏதோ நோவுல கெடந்தவங்க வெளையாட்டா செஞ்சது" என்றார். பொங்கல் இனித்தது, சாட்சி மட்டும் கசந்துவிட்டது உங்களுக்கு.

சாட்சி சொல்ல வந்தவர்கள் சதுப்பில் புல்லறுக்கும் பெண்கள். எங்கள் வைக்கோல் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அக்கா கொடுத்ததையும் சின் வாங்கியதையும் வேலியோரம் நின்று பார்த்திருக்கிறார்கள். புல்கட்டுகளை வாசலில் இறக்கி, அவற்றின் மேலேயே அரிவாளும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்கள். நானும் போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்தேன். குத்தகைக்காரர் அரிவாள்களைப் பார்த்தார். "வில்லங்கமான மாடு எனக்கு எதுக்குங்க?" என்று கொழுந்தனாரிடம் சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டார். மாடுகள் இன்றும் சின்னிடம்தான் இருக்கின்றன.

இனி நன்றி. அந்தப் புல்லறுக்கும் பெண்களுக்கு முதல் நன்றி. அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, நான் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். அக்காவுக்குக் கடைசிவரை தவிடு தந்து உதவிய ஆலைக்காரருக்கும், "உன் அக்காவுக்குச் செய்யறத நீயே செய், எவன் கேக்குறான்னு பாக்குறேன்" என்று இந்த நாளை நம் வீட்டிலேயே நடத்தச் சொன்ன என் வீட்டுக்காரருக்கும் நன்றி.

இன்றைய காரியத்துக்கும் டப்பாப் பால்தான் வாங்க வேண்டும் என்று சொல்லியனுப்பியவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மலர் தாம்பூலத்தோடு உங்கள் கைக்கு வருகிறது. அப்படியானால் பந்தி முடிந்திருக்கும். படையலில் வைத்த பாலும், நீங்கள் சாப்பிட்ட பாயசமும் தயிரும், கடைசியாகக் குடித்த மோரும் இன்று காலை சின் கறந்தவை. முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தவரும் அவர்தான். "அதுக்கு இங்க என்ன உறவு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில்: அக்காவுக்குப் பிறந்த வீட்டில் நான் ஒருத்தி, வாழ்ந்த வீட்டில் அவர் ஒருவர்.

நாளை காலையிலும் அவர் உங்கள் தெருவில் வருவார். செம்பை நீட்டுவதும் கதவைச் சாத்திக்கொள்வதும் உங்கள் இஷ்டம். அடுத்த ஆண்டும் இதே நாளில், இதே பாலில்தான் அக்காவுக்குப் படைப்பேன். மனமுள்ளவர்கள் வாருங்கள்.