வேன் புத்தகம்

எங்கள் வேனுக்குத் தண்ணீர் ஊற்ற இடமே கிடையாது. இதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை. லாரி நின்றால் கிளீனர் முதலில் குடத்தைத்தான் தேடுவார். கிணற்று மேட்டில் இருந்த டீசல் எஞ்சினுக்குக்கூடப் பக்கத்திலேயே ஒரு தொட்டி உண்டு. சூடாகிற எதுவும் தண்ணீரால்தான் ஆறும் என்பது, ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் எனக்கு உறுதியாகத் தெரிந்த சில விஷயங்களில் ஒன்று. எங்கள் வேனோ முன்பக்கம் வெறும் தகரமாக, மொண்ணையாக இருந்தது. எஞ்சின் பின்னால், நம்பர் பலகைக்கு மேலே ஒரு சின்னக் கதவுக்குள் இருந்தது.

"இது காத்துலயே ஆறிக்கும் கண்ணு" என்பார் அப்பா. சொல்லும்போது அவர் முகத்தில் பெரிய நம்பிக்கை எதுவும் இருக்காது.

கோயமுத்தூர் மில் ஒன்றுக்கு மிஷின் மாட்ட வந்த வெள்ளைக்காரர் ஒருவர், திரும்பிப் போகும்போது அந்த வேனை விட்டுவிட்டுப் போனாராம். மில் கொட்டகையில் பல வருஷம் கோழி அடைந்து கிடந்ததைப் பெரியப்பா பேசி வாங்கி வந்தார். மில்களில் மிஞ்சுகிற கழிவுப் பஞ்சை ஏற்றிக்கொண்டு அன்னூர்ப் பக்கம் இருந்த எங்கள் ஊருக்கு வருவதுதான் அதன் வேலை. எங்கள் களத்தில் பெண்கள் உட்கார்ந்து அதைத் தரம் பிரிப்பார்கள். வேன் பெரியப்பாவுடையது. ஓட்டுவது அப்பா. வீட்டில் எல்லாமே அப்படித்தான் இருந்தது.

அந்த வேனில்தான் என் பள்ளிக்கூடமும் இருந்தது. எங்கள் ஊர்ப் பள்ளி ஐந்தாவதோடு முடிந்துவிடும். ஆறாவதுக்குக் கணபதியில் இருந்த பெண்கள் பள்ளிக்குப் போகவேண்டும். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் மூன்றாவதைத் தாண்டியதில்லை. பஸ்ஸில் அனுப்புகிற பேச்சையே பெரியப்பா எடுக்க விடவில்லை. அப்பா காலையில் மில்லுக்குப் போகும்போது வேனில் கூட்டிப்போய் இறக்கிவிட்டு, சாயங்காலம் இரண்டாவது நடையில் ஏற்றி வரலாம் என்று ஒரு வழி சொன்னார். பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டே யோசித்து, "வண்டி ஓடுனாப் பள்ளிக்கூடம். ஓடலைன்னா அஞ்சாவதோட செரி" என்றார்.

வண்டி ஓடவில்லை. ஓடவில்லை என்று ஒரேயடியாகவும் சொல்லிவிட முடியாது. காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும். காலியாகப் போகும்போது ஒரு குறையும் இருக்காது. பஞ்சு ஏற்றித் திரும்பும்போது மட்டும் கோவில்பாளையத்தைத் தாண்டியதும் ஆயில் கருகுகிற வாசம் வரும். முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். பிறகு இழுக்காது, நின்றுவிடும். அரை மணி நேரம் புளியமர நிழலில் விட்டால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். வர வர அந்த அரை மணி நேரம் இரண்டு மணி நேரமாயிற்று.

அப்பா தெரிந்ததையெல்லாம் செய்தார். விடியற்காலையில் எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போதே வால்வு இடைவெளி பார்த்தார். பெல்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு உருவி, அதை வெயிலில் தூக்கிப் பிடித்து வைத்தியர் மாதிரி பார்த்தார். டவுன் மெக்கானிக் ஒருவர் கண்டென்சர் போயிருக்கிறது என்றார். மாற்றினார்கள். இன்னொருவர் காயில் என்றார். அதையும் மாற்றினார்கள். மூன்றாமவர் பெட்ரோல் சூட்டில் ஆவியாகிப் போகிறது, பெட்ரோல் பம்புமேல் ஈரத்துணி சுற்றுங்கள் என்றார். எனக்கு அதுதான் சரியாகப் பட்டது. கடைசியில் தண்ணீரிடம்தானே வந்தார்கள்! ஈரத்துணி சுற்றிய வேன் அன்றும் அதே புளியமரத்தடியில் நின்றது. அந்த மரத்தில் என்னவோ இருக்கிறது என்று களத்துப் பெண்கள் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தார்கள். எதை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் நம்பினேன்.

பள்ளியில் சேர்க்கிறதுக்குத் திங்கட்கிழமை கடைசி நாள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா, பழைய இரும்பு வாங்குகிறவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் மத்தியானம் வந்து வேனை இழுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு.

அப்போதுதான் அப்பாவுக்குப் புத்தகம் நினைவு வந்தது. வேனின் முன்பெட்டிக்குள் வெள்ளைக்காரர் விட்டுப்போன தடிப் புத்தகம் ஒன்று, எண்ணெய்க் கறையோடு கிடந்தது.

"அண்ணா, இதுல போட்டிருக்குமுங்க. அம்மணி இங்கிலீசு படிக்கிறா இல்லீங்களா?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். "எங்க, படி பாக்கலாம். அஞ்சு வருசம் போனியே."

நான் மூன்றாவதிலிருந்து இங்கிலீஷ் படிக்கிறவள். வகுப்பில் எழுந்து நின்று எழுத்துக்கூட்டி வாசிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. புத்தகத்தை வாங்கி ராணி மாதிரி விரித்தேன். எல்லா எழுத்தும் எனக்குத் தெரிந்த எழுத்துதான். ஒரு வார்த்தைகூடத் தெரிந்த வார்த்தை இல்லை. சில வார்த்தைகள் ஒரு வரி நீளத்துக்கு இருந்தன. சில இடங்களில் 'ஓ' எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்திருந்தது. புள்ளி வைத்தால் எழுத்து பாதிதான் ஒலிக்கும் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். இரண்டு வைத்தால் மூச்சே விடக்கூடாதோ என்னவோ. அது ஜெர்மன் என்பது, கல்லூரி நூலகத்தில் வேறு ஏதோ புத்தகத்தைப் புரட்டிய நாளில்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், இரண்டு பெரிய மனிதர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதுதான்.

"மோட்டார்" என்றேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் கூட்ட முடிந்தது.

"அப்பறம்?"

"முழுசாப் படிச்சாத்தானுங்க பெரியப்பா தெரியும்."

"படி, படி. இரும்புக்காரன் வர்ற வரைக்கும் படி" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா கட்டிலுக்குப் போனார். அப்பா என் தலையை ஒருதரம் தொட்டுவிட்டுப் போனார். அதுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

வேனின் பின்பக்கம் எஞ்சின் கதவு திறந்தே கிடந்தது. அதன் நிழலில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது அம்மா வந்தாள். அம்மா பெரியப்பா முன்னால் வரமாட்டாள், பேசமாட்டாள். எங்கள் பக்கம் அப்படித்தான். அவருக்கு ஏதாவது சொல்லவேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்வாள், நான் போய்ச் சொல்வேன். "காப்பி ஆறுதுன்னு பெரியப்பா கிட்டச் சொல்லு", "நாளைக்குக் கரண்டு இருக்காதாம்னு சொல்லு." பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து எனக்கு இந்த உத்தியோகம்.

"என்ன போட்டிருக்குது?" என்றாள்.

"ஒண்ணுமே தெரியலைம்மா. இது இங்கிலீசாட்டவே இல்ல."

அம்மா திட்டவில்லை. என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, பக்கங்களை அவளே திருப்பினாள். எழுத்து இருந்த பக்கங்களை நிற்காமல் தள்ளினாள். எஞ்சினைக் குறுக்கே அறுத்த மாதிரி ஒரு படம் வந்ததும் நின்றாள். அதில் ஒரு விசிறி இருந்தது. விசிறியிலிருந்து சின்னச் சின்ன அம்புகள் கிளம்பி, வளைந்து, சீப்புப் பற்கள்போல அடுக்கியிருந்த தகடுகளுக்கு நடுவே நுழைந்து கீழே போயின.

"இது காத்து போற வழியா?"

"தெரியலை."

அம்மா எஞ்சினைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து வளையலை முழங்கைக்கு ஏற்றிவிட்டு, எஞ்சினின் மேலே இருந்த வட்டமான தகரக் கூட்டுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத சந்தில், கையை விட்டாள். அப்பாவின் கை அந்தச் சந்தில் போகாது. மெக்கானிக்குகளின் கையும் போயிருக்காது. அம்மாவின் கை முழங்கைவரை போயிற்று. வரும்போது கருப்பாக, கம்பளித் துண்டு மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தது. அதை விரலிடுக்கில் வைத்துத் திரித்தாள். நூல் மாதிரி நீண்டது. மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தாள்.

"பஞ்சு" என்றாள். "ஆயில் குடிச்ச பஞ்சு. மூச்சு அடைச்சுப்போட்டுக் கெடக்குது. தகரத்துக்குள்ளாற இன்னும் எத்தன இருக்குதோ."

உள்ளே ஓடிப்போய் உடைந்த குடைக்கம்பி ஒன்றைக் கொண்டுவந்தாள். நுனியைக் கொக்கியாக வளைத்தபடியே என்னிடம் சொன்னாள்: "பெரியப்பா கிட்டப் போ. மேல இருக்கிற தகரத்தையெல்லாம் கழட்டி, உள்ள பஞ்செடுக்கோணும்னு சொல்லு. புஸ்தகத்துல போட்டிருக்குதுன்னு சொல்லு."

"அப்படிப் போடலையேம்மா!"

"போட்டிருக்குது. போய்ச் சொல்லு."

"நீ எடுத்தேன்னு சொல்றனே?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில், அதுவரை நான் பார்த்திராத ஏதோ இருந்தது. கோபமாக இருந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். "நான் எடுக்கலை" என்றாள். குடைக்கம்பியை என் கையில் திணித்துவிட்டு, புடவைக்குள் கருப்புக் கையை மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

நான் போய்ச் சொன்னேன். பழைய இரும்புக்காரர் அதற்குள் வந்து கட்டிலோரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் சிரித்தார். "வெள்ளைக்காரன் பஞ்சப் பத்திப் போட்டிருக்கானாக்கு? அவன் ஊருல ஏது அம்மணி கழிவுப் பஞ்சு?" எனக்கும் அதே சந்தேகம்தான். பெரியப்பா எழுந்து வந்து, "எந்தப் பக்கத்துல?" என்றார். படத்தைக் காட்டினேன். தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அவரும் தலைகீழாகவே பார்த்துத் தலையாட்டினார்.

அப்பா தகரங்களைக் கழற்றினார். உள்ளே தகடுகளே தெரியவில்லை. கருப்பு மெத்தை ஒன்றைப் போர்த்திக்கொண்டு எஞ்சின் தூங்குகிற மாதிரி இருந்தது. குடைக்கம்பியால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஒரு முறம் நிறைந்தது. இரண்டாவது முறமும் நிறைந்தது. "ஏனுங்கண்ணா, இத்தன பஞ்ச வெச்சுக்கிட்டு இது எப்படீங்க ஆறும்?" என்று அப்பா ஒரு தடவைக்கு நாலு தடவை கேட்டார். காற்றால் ஆறுகிற எஞ்சினுக்குக் காற்றுப் போக வழி வேண்டும். அது அவ்வளவு சுலபமாக இருந்தது எல்லோருக்கும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் பஞ்சு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, இரும்புக்காரரையும் பின்னால் உட்காரவைத்து, சோதனைக்குக் கிளம்பினோம். எனக்கு முன் சீட்டு. புளியமரம் வந்தது. நான் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். மரம் போய்விட்டது. கோவில்பாளையம் போய்விட்டது. விளக்கு எரியவில்லை. சரவணம்பட்டி வரை போய்த் திரும்பினோம். இறங்கியதும் இரும்புக்காரர், "அம்மணி, என்ற பொழப்பக் கெடுத்துப்போட்டியே" என்று சொல்லிவிட்டுத் தன் லாரியில் ஏறினார். பெரியப்பா புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி மாடத்தில் வைத்தார். "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றார். மறுநாள் பள்ளிக்குப் போவது முடிவாயிற்று.

அதன்பிறகு அந்தப் புத்தகம் அடிக்கடி பேசியது. பஞ்சு மூட்டைமேல் படுதா கட்டவேண்டும் என்றது. சனிக்கிழமைதோறும் குடைக்கம்பி விடவேண்டும் என்றது. வண்டிக்குப் பக்கத்தில் பீடி குடிக்கக்கூடாது என்றது. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த வாரம், மாதத்தில் இரண்டு நாள் வண்டி ஓய்வெடுக்கவேண்டும் என்றும் ஒரு பக்கத்தில் போட்டிருந்தது. எல்லாவற்றையும் நான்தான் கொண்டுபோய்ச் சொன்னேன், என்றைக்காவது மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தோடு. "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டால், "புஸ்தகத்துலதான் இருக்குதே" என்பாள்.

கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, பெருந்துறையில் ஒரு கல்யாண மண்டபத்தில், முன்பின் தெரியாத ஒரு அம்மாள் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனம்மணி, இந்தக் கையத்தான மேஸ்திரி தேடித் தேடிக் கூப்புடுவாரு? மோட்டாருக்குள்ள போயிப் பஞ்செடுக்கற கை நம்ம மில்லுல இது ஒண்ணுதான்." அம்மா சட்டென்று பெரியப்பா உட்கார்ந்திருந்த வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். "பந்தி போட்டாச்சுங்கக்கா, வாங்க சாப்பிடலாம்" என்று அவரைத் தள்ளிக்கொண்டு போனாள். கல்யாணத்துக்கு முன் நாலு வருஷம் அம்மா மில்லுக்குப் போயிருக்கிறாள். பெண் பார்க்க வந்தபோது, வீட்டோடு இருந்த பெண் என்று சொல்லியிருக்கிறார்கள். மில்லுக்குப் போன பெண்ணை எங்கள் வீட்டில் எடுத்திருக்கமாட்டார்கள்.

அந்தத் திங்கட்கிழமை இது எதுவும் எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு மில்லில் லோடு காத்திருந்ததால், அம்மாவையும் என்னையும் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுப் போனார். ஆபீஸ் அறையில் எழுத்தர் விண்ணப்பத்தைத் திருப்பி அம்மா பக்கம் நகர்த்தினார். அம்மா பேனாவை எடுக்காததைப் பார்த்து, மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். என் பின்னால் வரிசையில் பட்டணத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். அம்மாவின் கட்டை விரல் ரேகைகளில் முந்தின நாள் ஆயில் இன்னும் போகாமல் கருப்பாக இருந்தது. எழுத்தர் அதைப் பார்த்துவிட்டு, "கையக் கழுவிட்டு வந்திருக்கக் கூடாதாம்மா?" என்றார்.

வேனையே படித்துச் சரிசெய்த பெண் நான். எனக்கு அவமானமாக இருந்தது. அம்மா விரலை அழுத்தும்போது, அவளோடு வராதவள்போல, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.