கொட்டலசு ஒட்டாத கல்

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் இன்று நெய்வேலியில் சொந்த சிமெண்ட் பட்டறைக்காரன். மீன் பெருகுவதற்காகக் கடலூர்க் கடலில் இறக்கிய சிமெண்ட் கற்களில் பாதி என்னுடையவை. மீதி, பெரியப்பா மகன் ராஜு அண்ணன் செய்தவை. சோதித்துப் பார்க்க, அதிகாரிகள் எங்கள் இருவர் கற்களிலும் ஒவ்வொன்றை மேலே தூக்கினார்கள். அவருடைய சொரசொரப்பான கல்லில் பாசியும், பாறையைப் பற்றி வாழும் கொட்டலசுப் பூச்சிகளும், குட்டிச் சிப்பிகளும் இண்டு இடுக்கு விடாமல் ஒட்டியிருந்தன. என் கல் மொழுமொழுவென்று மின்னியது.

அந்த மினுமினுப்பு என்னைப் பெரியப்பாவின் குவார்ட்டர்ஸுக்கே இழுத்துப் போனது. அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனண்ட். பெரியம்மா தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்த சிவப்புத் தரையில் முகம் தெரியும். வாசனை வாசல்வரை வரும். என் அப்பா காண்ட்ராக்ட். மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில் எங்களுக்கு மண்தரைதான்.

"காலக் கழுவிக்கினு வாடா, தர அழுக்காயிடும்" என்பார் ராஜு அண்ணன்.

அந்த வயிற்றெரிச்சலில்தான் கொத்து வேலை கற்றேன். நான் தேய்த்த சிமெண்டில் ஈ உட்கார்ந்தாலும் வழுக்கும்.

"உன் கல்லுல ஒரு பூச்சிகூட குடிவரலியேடா தம்பி! அதுங்க புடிச்சிக்கினு நிக்க எடம் வேணாமா?" என்று, தூக்கிய என் கல்லைத் தடவிப் பார்த்து அண்ணன் சிரித்தார்.

பட்டறைக்கு வந்ததும், அடுத்த கல்லைத் தேய்க்கப் போன கொத்தனாரை நிறுத்தினேன்.

"இப்டியே வுட்டா பாக்கறவங்க கேவலமா பேசுவாங்க மொதலாளி."

ஈரம் காய்வதற்குள் ஓர் ஆணியை எடுத்து நானே கீறினேன், அண்ணன் கல்லைவிட ஆழமாக.