இரண்டு கைப்பிடிச் சாடி

அவுஸ்திரேலியாவில், கிரெய்கிபர்னில் எங்கள் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கிரேக்க அன்ரியைப் பார்க்கப் போனேன். வாசலில் ஒரு மண்சாடி சுவரில் சாய்ந்து நின்றது. இரண்டு கைப்பிடி, ஒடுங்கிய கழுத்து, கூரான அடி. என் வலது மணிக்கட்டு குளிர்ந்துவிட்டது.

மன்னார்க் கரையில் இருந்த எங்கள் ஊரை உண்டாக்கியதே கப்பலில் வந்த கிரேக்கர்தான் என்பார்கள். சோளகக் காற்று மணலை அரித்தால் அவர்களுடைய சாடிகள் வெளியே தெரியும். அவர்கள் இன்னும் அவற்றுக்குள்தான் இருக்கிறார்கள் என்று ஊரில் ஒருவரும் தொடமாட்டார்கள்.

ஏழு வயதில் நான் ஒன்றுக்குள் வலது கையை விட்டேன். கை திரும்பி வரவில்லை. கடல் வேறு ஏறிக்கொண்டிருந்தது.

ஓடிவந்த அப்பா சாடியை உடைக்கவில்லை. அதன் முன்னால் முழங்காலில் நின்று கும்பிட்டார்.

"இப்ப விடுங்கோ ஐயா, சின்னப்பிள்ளை. வளர்ந்த பிறகு நானே உங்கட ஆக்களிட்ட அனுப்பிவிடுறன்."

அலை சாடிக்குள் புகுந்தது. கை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அந்த வாக்கை அப்பா என் காதுபடக் கொடுத்திருக்க வேண்டாம். பின்னாளில் என்னை அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பியதும் அவர்தான்.

"கம் இன்சைட், டார்லிங்," என்று சிரித்தபடி அன்ரி என் வலது மணிக்கட்டைப் பிடித்தார்.

நான் இழுத்துப் பார்த்தேன். கை வரவில்லை.