மனைவியின் கட்டத்தை என்னுடையது என்றேன்

சென்ற ஆவணி ஒன்பதாம் தேதி, காலை பத்தே கால் மணி. ரெட்டியார்சத்திரத்தில் சுள்ளென்று வெயில். மேற்கே மட்டும் மேகம். நான் ஜோசியர் முன் உட்கார்ந்திருந்தேன். ஓராண்டாக என் மனைவி என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். "ஜாதகம் பாருங்கப்பா, உங்க குணம் உங்களுக்கே புரியும்" என்று மகள்தான் அனுப்பினாள்.

எனக்கு நம்பிக்கையில்லை. ஆளைச் சோதிக்க, மனைவியின் ராசிக்கட்டத்தைப் பெயரில்லாமல் ஒரு தாளில் எழுதி, என்னுடையது என்று நீட்டினேன்.

அவர் பதினோரு நிமிடம் பார்த்தார். "ரெண்டுல சனிங்க. மனசுல உள்ளத வாய்விட்டுச் சொல்லமாட்டீங்க. கூட இருக்கற ஒருத்தருக்குப் பயந்தே காலம் போயிருக்கு."

நான் கைதட்டிச் சிரித்தேன். "மாட்டிக்கிட்டீரா! இது என் சம்சாரத்தோட கட்டம்யா."

அவர் சிரிக்கவில்லை. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "அப்ப அந்த ஒருத்தர் யாருன்னு கட்டம் பாக்க வேண்டியதில்லீங்க."

வீடு வரும்வரை சந்தேகம் அரித்தது. "அந்த ஆளுக்கு முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிட்டியா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"நாப்பத்தோரு வருசத்துல உங்களக் கேக்காம யாருக்கு நான் போன் பண்ணிருக்கேன்?" என்றாள்.

ஜோசியம் மெய்யா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. அவள் சொன்னதை மட்டும் சந்தேகிக்க முடியவில்லை. மறுநாள் அவளுக்கென்று ஒரு செல்போன் வாங்கினேன். தட்சணையும் பஸ் கட்டணமும் சேர்த்து, ஒன்பதாயிரத்து நானூற்று முப்பத்திரண்டு ரூபாய்.