மலர்வளையம் முந்தி வந்த வீடு

ஜெசிந்தா அக்காவின் புருசன் ரொபட் அண்ணனின் அழைப்பு வந்தபோது நான் வெள்ளவத்தை மார்க்கெட்டில் மீன் விலை பேசிக்கொண்டிருந்தேன். "தங்கச்சி, ஜெசிந்தா போயிட்டா" என்றார். அதோடு அழைப்பு அறுந்துவிட்டது. "கபன்னத, நோனா?" என்று, வெட்டட்டுமா என்று, மீன்காரர் இரண்டாம் தரம் கேட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு நேரே எங்கள் அச்சுக்கடைக்கு நடந்தேன்.

கடையில் குலம் அண்ணை கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். செய்தி அவருக்கும் வந்துவிட்டது. கண் சிவந்திருந்தது. என்னைக் கண்டதும், "பிள்ளை, என்ன போடுவம்?" என்றார். கண்ணீர் அஞ்சலிக்கு என்ன வாசகம் போடுவது என்று கேட்கிறாராம்! எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "இனி என்னத்தைப் போட? அதுதான் மூண்டு மாசத்துக்கு முதலே போட்டாச்சே, அண்ணை!" என்று கத்திவிட்டேன். பாவம், மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் நான் சொன்னது உண்மை. ஜெசிந்தா அக்கா இறந்தது போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அவருடைய மரண அறிவித்தலை உலகம் அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே பார்த்துவிட்டது.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அப்படி நிறையப் பேர் இருப்பீர்கள். வெள்ளவத்தையில் எங்கள் சின்ன அச்சுக்கடையில் கலியாண காட், சாமத்திய வீட்டுப் பேனர், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நினைவுப் புத்தகம் என்று எதை அடித்திருந்தாலும், அதைக் கொம்பியூட்டரில் கீறியவர் அவர்தான். வாசகம் எழுதுவது நான். கடை குலம் அண்ணையுடையது. மூன்று பேரும் பதினேழு வருடம் ஒரே அறையில் இருந்தோம். தினமும் அக்கா கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி, கையில் சோற்றுப் பெட்டியோடு, வாயில் ஏதாவது ஒரு ஏச்சோடு வந்து சேருவார். ஏச்சு பெரும்பாலும் பஸ் கொண்டக்டருக்கு. மிச்சம் எனக்கு.

செத்தவீட்டுக்காரர் கடைக்கு வந்தால் நான் உடனே முகத்தை மாற்றிக்கொள்வேன். அக்கா அப்படிச் செய்யமாட்டார். கதிரையை இழுத்துப் போட்டு, "அவரைப் பற்றி அழாமல் சொல்லக்கூடிய ஒரு விசயம் சொல்லுங்கோ" என்பார். ஒரு தரம் ஒரு மகன் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்பா கிரிக்கெட் பாக்கேக்க ஆரையும் கதைக்க விடமாட்டார்" என்றான். கொண்டுவந்திருந்த கோட் சூட் படத்தை ஒதுக்கிவிட்டு, அவனுடைய போனுக்குள் தேடி, சறத்தோடு வாயைத் திறந்தபடி ரீவி பார்க்கும் தகப்பனை எடுத்துப் போட்டார் அக்கா. பேப்பரில் அதைக் கண்டவர்கள் எல்லாம் தகப்பன் உயிரோடு எழும்பி வந்ததுபோல இருந்தது என்றார்கள்.

இன்னொரு நாள், வைத்தியசாலையில் மெசினில் கிடந்த தாய்க்கு முன்கூட்டியே அறிவித்தல் செய்து வைக்கவேண்டும் என்று ஒருவர் வந்தார். பிறகு அந்தரப்படாமல் இருக்கலாமாம். அக்கா மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டார். "மூச்சு இருக்கிற ஆளுக்கு நான் போர்டர் போடமாட்டன். நீங்கள் வேற கடை பாருங்கோ" என்றார். குலம் அண்ணை எவ்வளவோ சமாதானம் சொல்லியும் மசியவில்லை. வந்தவர் முறைத்துக்கொண்டு போனார். அன்று முழுக்க அக்காவின் முகம் கறுத்தே இருந்தது.

இந்த வருடத் தொடக்கத்தில் அவருக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. சோற்றுப் பெட்டி திறந்தபடியே இருக்கும். சட்டை தோளிலிருந்து வழுகத் தொடங்கியது. பரிசோதனை முடிவு வந்த அன்று ரொபட் அண்ணன் தனியே கடைக்கு வந்தார். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், பெரிய உடம்பு. அந்த உடம்பு வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றது. "கணையத்தில கான்சர். முத்திட்டுதாம். வெட்டவும் ஏலாதாம்" என்றார். பிறகு எங்கள் இரண்டு பேரின் கையையும் பிடித்தார். "அவவுக்கு அல்சர் எண்டுதான் சொல்லியிருக்கு. பேர் தெரிஞ்சா அண்டைக்கே முடிஞ்சிடுவா. நீங்கள் ரெண்டு பேரும் வாய் திறக்கக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினோம். எங்கள் ஆட்களுக்கு இது என்ன புதிதா? ஒரு வீட்டில் கான்சர் என்றால் ஒழுங்கை முழுவதற்கும் தெரிந்திருக்கும், பால்காரருக்கும் தெரிந்திருக்கும், படுத்திருக்கிறவருக்கு மட்டும் அல்சர். அந்தப் பொய்யை அன்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் அன்றிலிருந்து அக்காவின் வீட்டுக்குப் போகவே பயமாக இருந்தது. என் முகத்தை அவர் உற்று உற்றுப் பார்ப்பார். பதினேழு வருடம் ஆட்களின் படத்தைப் பார்த்தே வேலை செய்த கண். "என்ன வதனி, பேய் அறைஞ்ச மாதிரி இருக்கிறாய்?" என்று கேட்பார். நான் வெயிலைக் குறை சொல்லுவேன்.

அவரை வேளாங்கண்ணிக்கு அனுப்பவேண்டும் என்பது குலம் அண்ணையின் யோசனை. மருந்துக்குக் காசு சேர்த்து இனிப் பிரயோசனமில்லை. புருசனும் பெண்சாதியும் ஒரு தரம் மாதாவிடம் போய் வரட்டும், அது நாங்கள் கொடுக்கும் பரிசாக இருக்கட்டும் என்றார். நல்ல மனம். லண்டனில் இருக்கும் பழைய வாடிக்கையாளர் ஒருவர் இணையத்தில் நிதி சேர்க்கும் பக்கம் ஒன்றைத் திறந்து கொடுத்தார். போஸ்டரை மட்டும் அண்ணை தானே செய்வதாகச் சொல்லி, நான் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கதிரையில் போய் இருந்தார்.

அவருக்குப் புதிதாகக் கீறத் தெரியாது. அக்கா முன்பு செய்து வைத்திருந்த மரண அறிவித்தல் ஒன்றைத் திறந்து, பேரையும் படத்தையும் மாற்றினார். குத்துவிளக்கை எடுத்துவிட்டு ஒரு ரோசாப்பூ வைத்தார். சாம்பல் போர்டர் அப்படியே கிடந்தது. படம் அந்த முட்டை வட்டத்துக்குள் இருந்தது. "கொட்டாஞ்சேனையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட ஜெசிந்தா ரொபட்" என்று மேலே எழுதி, "எங்கள் ஜெசிந்தாவுக்கு ஓர் அன்புப் பரிசு" என்று அடியில் போட்டார். நோயின் பேரை எழுதக்கூடாதே, அக்கா கண்டுவிட்டால்? அதனால் என்ன காரணத்துக்குக் காசு என்று ஒரு வரியும் இல்லை.

எங்கள் சனம் அந்தப் போர்டரைக் கண்டால் பிறகு வாசிக்குமா? திங்கட்கிழமை விடியும்போது கனடாவிலும் பிரான்ஸிலும் இருந்து ஆழ்ந்த அனுதாபங்கள் வந்து குவிந்திருந்தன. வேதக்கார மனுசிக்கு ஓம் சாந்தி என்று எழுதியவர்களும் உண்டு. காசும் மளமளவென்று வந்தது. அதற்குப் பக்கத்தில் "மலர்வளையத்துக்கு" என்று எழுதியிருந்தார்கள். நான் கண்டவுடன் அண்ணையைத் திட்டி அதை எடுக்கவைத்தேன். ஆனால் அது அதற்குள் நூறு வாட்ஸ்அப் குழுவுக்குள் போய்விட்டது. அந்தக் கிழமை முழுக்க, போன் அடித்தால் அக்காவோ என்று பயந்தேன். அக்காவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதிதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

சனிக்கிழமை கூப்பிட்டார். குரல் சாதாரணமாக இருந்தது. "வதனி, நான் செத்திட்டனாம். உனக்கு அறிவிச்சவையோ?" என்றார்.

ஆட்டோ பிடித்து ஓடினேன். ரொபட் அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். ஹோலில் ஒரு கதிரையில் மலர்வளையம். எதிர்க் கதிரையில் அக்கா. வளையம், வெள்ளைச் செவ்வந்தியும் கடதாசி நாடாவுமாக, கனடாவிலிருந்து யாரோ இங்குள்ள பூக்கடையில் ஓடர் பண்ணி அனுப்பியது. கொண்டுவந்த பையன் கதவைத் தட்டி, "மள கெதர மேகத?" என்று கேட்டிருக்கிறான், செத்தவீடு இதுதானா என்று. "ஓவ், மேக தமய், ஓம், இதுதான் எண்டு சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கினன்" என்றார் அக்கா. "அவனை ஏன் வளையத்தோட அலைய விடவேணும்?"

நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

"அல்சருக்கு ஆரும் வளையம் அனுப்புவினமோ, வதனி?"

நான் வாயைத் திறக்கப்போனேன். கையைக் காட்டி மறித்தார். "நீ சொல்லாத. சொல்லவேண்டிய ஆள் நீ இல்ல. எனக்கு எப்பவோ தெரியும். டொக்டரின்ர கண்ணைப் பாத்தவுடனே தெரியும். ரொபட் தன்ர வாயால சொல்லுவார் எண்டு காத்துக்கொண்டிருக்கிறன்."

அன்று பின்நேரம் ரொபட் அண்ணன் வந்தார். வளையத்தைக் கண்டார். அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்வளவில் வைத்துவிட்டு, "மருந்து குடிச்சனீரோ?" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்ன சொல்லி எழுதுவது? வாசகம் எழுதுகிற எனக்கு வரவில்லை.

அடுத்த நாள் என் லெப்டொப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அவரே ஒரு மறுப்புச் செய்தார். கலர்ப் படம், யன்னலோரம், போர்டர் இல்லை. "நான் இருக்கிறேன். உங்கள் அன்புக்கு நன்றி. மலர்வளையத்துக்கு அனுப்பிய காசைத் திருப்பி வேண்டுபவர்கள் அறியத்தரவும். ஜெசிந்தா." அவ்வளவுதான். அதைப் போட்டோம். காசை ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் ஒருவரும் ஒரு வரியும் எழுதவுமில்லை. சிலர் மட்டும் கைகூப்பும் படம் போட்டார்கள். பின்நேரம் வரை போனைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "செத்தவளுக்கு எழுத இவ்வளவு வசனம் வைச்சிருக்கினம். இருக்கிறவளுக்கு ஒண்டும் இல்லையோ?" என்றார். நான் அழுதேன். அவர் அழவில்லை.

பயணம் வேண்டாம் என்று குலம் அண்ணையிடம் அவரே சொன்னார். "மாதா இங்கயும் இருக்கிறா. அந்தச் சல்லியில எனக்கு ரொபட்டை வாங்கித் தாங்கோ." அண்ணை விழித்தார். விசயம் இதுதான்: நோய் தெரிந்த நாளிலிருந்து ரொபட் அண்ணன் ஒரு நாள் தவறாமல் ஓவர்டைம் செய்தார். காசுக்கு என்று சொல்வார். வீட்டில் இருந்தால் அவ கேட்டுவிடுவா என்கிற பயம் என்று எங்களுக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். ஆகவே சேர்ந்த காசு முழுவதையும் வீட்டுச் செலவுக்கென்று கொடுத்து, சம்பளமில்லாத லீவு எடுக்கவைத்தோம். இனி மறுக்கக் காரணம் இல்லை. மனிதர் வீட்டில் நின்றார்.

நின்றார், ஆனால் இருக்கவில்லை! நான் போகும் ஒவ்வொரு தரமும் ஏதாவது ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு நாள் பைப். ஒரு நாள் மின்விசிறி. அடுத்த கிழமை சமையலறைச் சுவருக்குப் பெயின்ட். பின்வளவில் அந்த வளையம் காய்ந்து கறுத்துக்கொண்டிருந்தது. எறிய அவருக்குக் கை வரவில்லை. அதன் புளித்த வாசம் அறைக்குள் வரும். அக்கா நாளுக்கு நாள் மெத்தையோடு மெத்தையாகப் போனார். வலி ஊசி போட நேர்ஸ் வரத்தொடங்கினார். ரொபட் அண்ணன் வாசல் வரை வந்து என்னிடம் "அல்சர் கொஞ்சம் பரவாயில்ல, தங்கச்சி" என்பார். உள்ளே இருந்து அக்கா கேட்டுக்கொண்டிருப்பார். ஊசியின் அளவு கூடக் கூட அவர் விழித்திருக்கும் நேரம் குறைந்தது. இந்த மனுசன் சொல்லுமுன் காலம் முடிந்துவிடுமோ என்று எனக்குப் பதறியது. "அண்ணன், கெதியாச் சொல்லுங்கோ" என்று ஒரு நாள் வாய்விட்டே கேட்டேன். அவர் தூரிகையைப் பெயின்டுக்குள் தோய்த்தார்.

அடக்கம் முடிந்த பிறகு, சனம் கலைந்த ஹோலில், அவர்தான் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அக்கா போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை சொல்லிவிட்டாராம். பூசைக்குப் போய்வந்து, கட்டிலில் இருந்து, கையைப் பிடித்து, நோயின் பேரைச் சொல்லி, இனி ஏலாது என்று சொல்லிவிட்டாராம். அக்கா அவருடைய தலையைத் தடவியிருக்கிறார். "அப்பாடா. இனி உங்களோட கதைக்கலாம். எவ்வளவோ இருக்கு. முதல்ல போய்ச் சாப்பிட்டுட்டு வந்து இருங்கோ" என்றிருக்கிறார். இவர் சாப்பிட்டுவிட்டு வர அக்காவுக்கு வலி ஏறிவிட்டது. கொஞ்ச நேரம் ஏதேதோ, பாதி பாதியாக. மத்தியானம் நேர்ஸ் ஊசி போட்டார். அதற்குப் பிறகு கண் திறக்கவில்லை.

"எவ்வளவோ இருக்கு எண்டவ, தங்கச்சி" என்றார் ரொபட் அண்ணன். "என்னவா இருக்கும்?"

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஓர் அவசரம்தான். இப்போது யாருக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டாலும் அன்றைக்கே போகிறேன். பக்கத்தில் இருந்து, நோயின் பேரைச் சொல்லி, எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். போன கிழமை ஒரு வீட்டில் என்னை வெளியே போ என்றே சொல்லிவிட்டார்கள். சொல்லட்டும். இருபத்தாறு வருடம் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பேருக்கு, பொய்யில்லாமல் கதைக்கக் கிடைத்தது ஒரு அரைநாள். அதிலும் பாதியை அவர் சாப்பிட்டுக் கழித்தார், அவ சொன்னபடியே.