அட்டையில் ஒரு செத்த ரோகு

குர்லா ஸ்டேஷன் புத்தகக் கடையில் நான் எழுதிவந்த பயண இதழின் அந்த மாதப் பிரதியை எடுத்தேன். அட்டையில் தாடிவைத்த ஒரு மாடல், விலைச்சீட்டுகூடக் கிழிக்காத மாதிரி புதுத் தொப்பியோடு, ஒரு மீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தான். கீழே கொட்டை எழுத்தில் என் கட்டுரையின் தலைப்பு, மலையாறுகளில் வளரும் மஹ்சீர் மீனைப் பற்றியது. அவன் கையில் இருந்தது மஹ்சீரே இல்லை. சந்தையில் விற்கும் ரோகு கெண்டை. கண் குழிந்து, வாய் பிளந்து, செத்து ஒரு நாளாவது ஆகியிருக்கும்.

நான் தாராவியில் பிறந்தவள். எங்கள் வீட்டில் மீன் என்றால் குழம்பு. அந்தப் பயண இதழில் பிழை திருத்தும் வேலையில் இருந்தபோது, போக வேண்டியவருக்குக் காய்ச்சல் என்று என்னை உத்தராகண்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ஆற்றங்கரை வழிகாட்டி ஒருவர் என் கையில் தூண்டில் கம்பைக் கொடுத்தார். இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி, தலைக்கு மேல் நீண்டு போய்ச் சத்தமில்லாமல் தண்ணீரில் உட்கார்ந்தது. அன்றைக்கே பைத்தியம் பிடித்துவிட்டது.

பிறகு பத்து வருஷத்துக்கும் மேலாக அதே இதழில் அதைப் பற்றித்தான் பத்தி எழுதினேன். திரும்பத் திரும்ப ஒன்றைச் சொன்னேன்: மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்காதீர்கள், கையை நனைத்துக்கொண்டு கொக்கியைக் கழற்றி விட்டுவிடுங்கள். இப்போது நான் இருக்கும் செம்பூரில் பக்கத்து ஃப்ளாட்காரி, "இவ்ளோ தூரம் போய்ப் புடிச்சு, விட்டுட்டா வர்றே?" என்று சிரிப்பாள். அவளுக்கும் சலிக்காமல் விளக்குவேன்.

இதழை எடுத்துக்கொண்டு நேரே ஆபீசுக்குப் போனேன். ஆசிரியர் மாதுங்காவில் வளர்ந்த தமிழர்.

"இந்த மீன் எங்கேர்ந்து வந்தது?" என்றேன்.

"மார்க்கெட்ல வாங்கினோம். வாஷி கழிமுகத்துல வச்சு ஷூட் பண்ணினோம். நீங்க அனுப்பின படத்துல மீன் பாதி தண்ணிக்குள்ள இருக்கே, யாரு பார்ப்பா?"

"தூக்காதீங்கன்னு உள்ள எழுதியிருக்கேன். அட்டையில தூக்கிக் காட்டுறீங்க. அதுவும் செத்த மீன!"

"மீன் மீன்தானேம்மா. இதுக்குப் போய் டென்ஷன் ஆறேளே."

மன்னிப்புப் போடச் சொன்னேன். முடியாது என்றார். அப்படியானால் இனிமேல் எழுத மாட்டேன் என்றேன். "உங்க இஷ்டம்" என்று போனை எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் அந்த ஆற்றங்கரை வழிகாட்டி போன் பண்ணினார்; அக்கா என்பதற்கு அவர் இந்தியில் தீதி என்றுதான் என்னைக் கூப்பிடுவார். "தீதி, மீன் புடிக்க வர்றவங்க உங்க பத்திரிகையைக் கையில வச்சுக்கிட்டு வர்றாங்க. அட்டையில இருக்கிற மாதிரி கட்டிப்பிடிச்சு போட்டோ வேணுமாம். ரெண்டு பெரிய மஹ்சீர் செத்துப் போச்சு." அவர் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. யாரோ ஒருத்தர் ஏசி அறையில் உட்கார்ந்து எடுத்த முடிவுக்கு, ஆற்றில் எத்தனையோ வருஷம் வளர்ந்த மீன் உயிரை விட்டது. அதன் மேல் என் பெயர்.

அடுத்த மாதம் என் பத்தி இருந்த பக்கத்தில் அந்தத் தாடிக்காரன் படம்: 'நீங்களும் மீனோடு போஸ் கொடுக்கலாம்.' கிழித்துக் குப்பையில் போட்டேன். இப்போது என் செலவில் இணையத்தில் எழுதுகிறேன். படிப்பவர்கள் கொஞ்சம்தான். முதல் கட்டுரையில் அந்த அட்டையின் கதையை ஒன்றுவிடாமல் எழுதினேன்.

போன சீசனில் அந்த ஆற்றுக்குப் போனேன். கரையில் ஒரு தகரப் பெட்டியை வைத்துக்கொண்டு வழிகாட்டி நின்றார். ஊரில் கூடிப் பேசி, இனி யாரும் ஆற்றுக்குக் கேமரா, போன் எதுவும் கொண்டு போகக் கூடாது என்று முடிவு செய்திருந்தார்கள்.

"எனக்குமா?" என்றேன்.

"எல்லாருக்கும்தான், தீதி."

கோபத்தோடுதான் போனைப் பெட்டிக்குள் போட்டேன். அவர் மேல் இல்லை.